அத்தை வீட்டு மண் அடுப்பைப் பிரித்துக் கட்டினோம்

ராமநாதபுரம் மாவட்டம் சேதுக்கரைக்குக் கிழக்கே, கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் அத்தை வீடு. அடுப்படி தனிக்கட்டு. மேலே சீமை ஓடு, கீழே சாணி மெழுகிய தரை. அதில் இருந்தது விறகு செருகுகிற ஒரு கோட்டை அடுப்பு, அதன் வலப்பக்கம் அந்தத் தீயின் மிச்சச் சூட்டில் வேகிற துணை அடுப்பான கொடி. போன ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறி, அடுப்பின் முதுகு பொரிந்து உதிர ஆரம்பித்தது. மாசியில், கொடிக்குத் தீ போகிற துவாரம் இடிந்து அடைத்துக்கொண்டது. அப்புறம் உலை வைத்தால் தீ வாய்வழியாகவே திரும்பி வரும். பானையைத் தாங்கும் குமிழ் மூன்றில் ஒன்று சாய்ந்து, பானை ஆட்டம் கண்டுவிட்டது.

கேஸ் இருக்கிறது. காபிக்கும் அவசரத்துக்கு இரண்டு தோசைக்கும் அதுதான். ஆனால் மச்சான் மண்டபத்தில் விசைப்படகில் போகிறவர். கரை ஏறுகிற நேரம் முன்பின்னாகத்தான் இருக்கும். வந்தால் குளிக்க ஒரு அண்டா வெந்நீர், ஒரு சட்டி மீன் குழம்பு, சாப்பிடக் கூடவே இரண்டு பேர். 14.2 கிலோ சிலிண்டரில் தினம் அண்டா வெந்நீர் போட்டால் கட்டுப்படியாகுமா? விறகடுப்பில், சாம்பலுக்குள் கங்குகளை மூடி வைத்துவிட்டால் நடுச்சாமத்திலும் தென்னை மட்டையடி நாரான பன்னாடை ஒன்றைச் செருகி ஊதினால் தீ பிடித்துவிடும். அடுப்புக்கு மேலே உறியில் கருவாடு, பரணில் புளிப்பானை, விதைக்கு எடுத்து வைத்த முண்டு மிளகாய். அடைமழைக் காலத்தில் இதெல்லாம் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பது அந்தச் சூட்டாலும் புகையாலும்தான். பாத்திரம் விளக்கச் சாம்பல், பூனைக்குப் படுக்கை எல்லாம் அங்கேதான். ஆக, இந்த வீட்டில் அடுப்பு கெட்டால் நிற்பது சோறு மட்டும் இல்லை.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. மச்சான் வீட்டில் இருந்தார், வெயில் நன்றாகக் காய்ந்தது, கண்மாயும் வற்றியிருந்தது. மண்வேலைக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பழைய அடுப்பைக் கடப்பாரையால் தட்டிப் பிரித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. தீ படும் உள்பக்கம் இரண்டு விரல் கனத்துக்கு மண் செங்கல் நிறத்தில் வெந்திருந்தது. அதற்கு வெளியே உள்ளதெல்லாம் பச்சை மண். அந்த வெந்த பகுதியில் ஓதம் ஒன்றும் செய்யவில்லை, கல் மாதிரி இருந்தது. உதிர்ந்தது முழுக்க வெளி மண்ணும், கடைசியாகப் பூசிய பூச்சும். மண் ஏறக்குறைய 600 டிகிரிக்கு மேல் சூடு கண்டால்தான் மறுபடி தண்ணீரில் கரையாத ஓடாக மாறும். கரி கனன்று கிடக்கும் இடத்தில் அந்தச் சூடு வந்துவிடும். அடுப்பின் முதுகுக்கு எந்தக் காலத்திலும் வராது. முதுகைக் காப்பாற்ற வேண்டுமானால், மண்ணில் உப்பு இருக்கக் கூடாது, அடியில் இருந்து ஓதம் ஏறக் கூடாது. இரண்டு வழிதான்.

வெந்த துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை. அம்மியில் இடித்துச் சலித்து வைத்தோம். புது மண்ணில் இந்தச் சுட்ட மண் பொடியைக் கலந்தால் காயும்போது சுருக்கம் குறையும். குயவர் வேலையில் இது பழைய பழக்கம். மச்சானுக்கு நம்பிக்கை இல்லை. "பழைய சோத்தப் புதுச் சோத்துல போட்டு வடிக்கிறியா மாப்ள?" என்றார். அவருக்கு எல்லாமே சோறு.

மண்ணில்தான் கடலோரத்துக்காரர்களுக்குத் தலைவலி. வீட்டைச் சுற்றித் தோண்டினால் மணல். கொஞ்சம் உள்ளே போனால் உவர். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த மண்ணில் அடுப்புப் போட்டால் மழைக்காலத்தில் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெள்ளையாகப் பூக்கும், பூக்கும்போதே மேல் தோலைத் தள்ளிக்கொண்டு வரும். பழைய அடுப்பின் முதுகுக்கு நடந்தது இதுவேதான்.

கடல் மணலுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. அதில் சிப்பித் துகள் நிறைய. உப்பை எத்தனை முறை கழுவினாலும் சிப்பி போகாது. கரி ஒட்டிக் கிடக்கும் இடத்தில் சூடு 800 டிகிரியைத் தாண்டினால் சிப்பி சுண்ணாம்பாக வேகும். பிறகு ஈரம் பட்டதும் அந்தச் சுண்ணாம்பு நீர்த்து உப்பி, சுவரில் பொட்டுப் பொட்டாகத் தெறித்து விழும். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரை இது. அடுப்புக்குள் அதே காளவாய் வேலை நடக்கும் என்று மட்டும் யாரும் நினைப்பதில்லை.

உத்தரகோசமங்கைப் பக்கம் கண்மாய் வண்டல் அடித்து வயலில் குவித்திருந்த ஒருவரிடம் கேட்டு இரண்டு சாக்கு வாங்கி வந்தோம். நல்ல பிசுபிசுப்பான களி. அதை மட்டும் வைத்துக் கட்டினால் கரிசல் காடு வெடிப்பதுபோல வெடித்துவிடும். மணல் சேர்க்க வேண்டும். கடல் மணல் ஆகாது, ஆற்று மணலுக்கு வழியில்லை. தங்கச்சி வீடு கட்டி மிஞ்சிய எம்-சாண்ட் மூலையில் கிடந்தது. அது உடைத்த கருங்கல் தூள். உப்பும் இல்லை, சிப்பியும் இல்லை. முனை கூராக இருப்பதால் களியோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு சல்லடை வைத்துத் தூசியை மட்டும் நீக்கினோம்.

எவ்வளவு மணல் என்பதற்குத் தராசு வேண்டாம். களி ஒன்றுக்கு மணல் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று கலந்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டையும் கையகல வில்லையும் பிடித்து நிழலில் காயவைத்துப் பார்த்தால் போதும். வில்லை வெடித்தால் மணல் போதவில்லை. விரலால் தேய்த்தால் உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது. எங்கள் வண்டலுக்கு ஒன்றுக்கு ஒன்றரை சரியாக வந்தது. உங்கள் கண்மாய்க்கு வேறாக இருக்கும். அதில் கால் பங்கு சுட்ட மண் பொடியும் போட்டோம். உள்சுவருக்கு உமி சேர்த்தோம். உமி எரிந்து போன இடத்தில் சின்னச் சின்னப் பொத்தல் விழும், அது சூட்டைத் தாங்கி நிறுத்தும். வெளிச்சுவருக்கு வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டோம்.

தண்ணீரில்தான் சண்டை வந்தது. வீட்டுக் கிணறு உவர்ப்பு. அந்தத் தண்ணீரை ஊற்றினால் இவ்வளவு தூரம் போய் உப்பில்லாத மண் கொண்டுவந்தது எதற்கு? நான் குடத்தில் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரை எடுத்தேன். அத்தை பார்த்துவிட்டது.

"ஏய்யா மருமகனே, குடிக்கிற தண்ணிய மண்ணுல ஊத்துறீக? எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னு தெரியுமா?"

"உப்புத் தண்ணி ஊத்துனா திரும்பவும் பொரிஞ்சிரும் அத்தை."

"எங்காத்தா ஊத்துத் தண்ணியில குழைப்பா. போயி ஊத்துல அள்ளிட்டு வாங்க."

மணலில் கை ஆழம் தோண்டினால் ஊறுகிற தண்ணீர் அது. கடலுக்கு இவ்வளவு பக்கத்திலும் நல்ல தண்ணீராக இருக்கும், ஏனென்றால் மழைநீர் கனம் குறைவு, உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கும். அதிகம் இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே வந்துவிடும், அதனால்தான் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுவார்கள். மச்சானும் நானும் குடத்தோடு போனோம்.

மிதிப்பது மச்சான் வேலை. படகில் நின்று பழகிய கால், சலிக்கவே இல்லை. மிதித்த மண்ணை ஈரச்சாக்கு போட்டு மூடிப் புளிக்க விட்டோம். புளித்த மண் ஒரு மாதிரி நாறும், ஆனால் இழுத்த இழுப்புக்கு வரும். புளிக்காத மண்ணில் குமிழ் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

இனி அடுப்பின் அமைப்பு. நான் இந்த வேலையில் இறங்கியதே இதற்காகத்தான்: அடுப்பு என்பது மண் வேலையைவிடக் காற்று வேலை. எங்கள் கரையில் அது ரொம்பவே நிஜம். சித்திரை கடைசியில் இருந்து கச்சான் காற்று தென்மேற்கில் இருந்து அடிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வடகிழக்கில் இருந்து வரும். அத்தை கிழக்கு பார்த்து உட்கார்ந்துதான் சமைக்கும், அதனால் அடுப்பு வாய் மேற்கே. அடுப்படிக் கதவும் மேற்கே. கச்சான் காலத்தில் காற்று கதவில் நுழைந்து நேராக அடுப்பு வாய்க்குள் பாயும். தீ பானையில் படாமல் பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகும், விறகு கண் மூடித் திறப்பதற்குள் தீரும். வாடைக்காலத்தில் வடக்குச் சன்னல் வழியாக வந்து புகையை அத்தை முகத்திலேயே திருப்பி அடிக்கும்.

வாயைத் திருப்பி வைக்கலாமா என்று கேட்டேன். "கிழக்க பாக்காம உலை வைக்கவா?" அதோடு பேச்சு முடிந்தது. சரி, வாய் மேற்கேயே இருக்கட்டும், காற்றுக்கு மட்டும் வேறு வழி காட்டலாம் என்று முடிவானது. கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே இடுப்புக்குக் கீழே நிற்கிற ஒரு தடுப்புச் சுவர். விறகு செருகுகிற வாயைச் சின்னதாக்கிவிட்டோம். தீக்குத் தேவையான காற்று அந்த வாய்வழியாக வர வேண்டாம், அடியில் இருந்து வரட்டும் என்று கம்பித் தட்டு போட்டு, அதற்குக் கீழே சாம்பல் குழி. குழியின் திறப்பு வடக்குப் பக்கம், தடுப்புச் சுவரின் மறைவில். அதற்கு ஒரு தகரக் கதவு, முழுக்கத் திறக்கலாம், விரல்கடை இடைவெளியில் நிறுத்தலாம்.

அடியில் ஹாலோ பிளாக் மூன்று வரிசை. அத்தைக்கு முழங்கால் வலி, குந்த முடியாது. குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்தால் பானையின் கழுத்து நெஞ்சுக்குக் கீழே வருகிற உயரம். பிளாக்குக்கும் தரைக்கும் நடுவே தார்ச்சீட்டு ஒரு துண்டு விரித்தோம், ஓதம் மேலே ஏறாமல் இருக்க. உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விட்டு, அரிசி ஆலையில் வாங்கி வந்த உமிச் சாம்பலைக் கொட்டி நிரப்பினோம். கெட்டி மண் சூட்டைத் தானே குடித்துவிடும். பழைய அடுப்பில் முதுகைத் தொட்டால் சுடும், அந்தச் சூடெல்லாம் விறகில் இருந்து வந்தது, பானைக்குப் போகாதது. உமிச் சாம்பல் அதைத் தடுக்கும். உள்சுவர் சீக்கிரம் சூடேறினால் புகையே எரிந்துவிடும். புகை என்பது எரியாமல் தப்பிய விறகுதானே, அது எரிய ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும்.

தட்டுக்குக் கட்டடக் கம்பி, 12 மில்லிமீட்டர், ஒரு அடித் துண்டுகள். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. கம்பியின் முனைகளை மண்ணில் புதைக்கக் கூடாது. 600 டிகிரி ஏறினால் ஒரு அடிக் கம்பி இரண்டு மில்லிமீட்டர் நீளும். புதைத்திருந்தால் சுவரை நெட்டித் தள்ளி வெடிக்க வைக்கும். சுவரில் இரண்டு பக்கமும் ஒரு திண்டு விட்டு, அதன்மேல் சும்மா வைத்தோம். உப்புக் காற்றும் தீயும் சேர்ந்து இந்தக் கம்பியை எப்படியும் தின்றுவிடும், அப்போது எடுத்து மாற்றவும் வசதி.

தட்டில் இருந்து பானை அடிக்கு ஒரு சாண். இதைவிடக் கூடினால் தீ நாக்கு பானையைத் தொடாது, குறைந்தால் தீ அணைந்து கரி பிடிக்கும். குமிழ்கள் அடுப்பு விளிம்பில் இருந்து விரல் கனம் தூக்கி நிற்கும். பானை சுற்றிலும் அந்த இடைவெளிதான் சூடு உரசிப் போகிற சந்து. குமிழ் பிடித்தது அத்தை. நான் பிடித்த குமிழைப் பார்த்துவிட்டு, பேசாமல் பிய்த்து எடுத்து, மறுபடி உருட்டி வைத்தது. பானையையும் சட்டியையும் மாற்றி மாற்றி வைத்து அழுத்திப் பார்த்து, எது வைத்தாலும் ஆடாத மாதிரி மூன்றையும் உள்பக்கம் சரித்துவிட்டது. இதற்கு அளவு எழுதித்தர என்னால் முடியாது.

கோட்டை அடுப்பில் இருந்து கொடிக்குப் போகிற துவாரத்தைப் பழையதைவிடக் கொஞ்சம் மேலே, சாய்வாக விட்டோம். கொடியில் இருந்து புகைபோக்கி. முதல் பானைக்கு மிஞ்சிய சூடு இரண்டாவதை வாட்டும், அதற்குப் பிறகுதான் வெளியே போகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களில் வடிவமைத்த அஸ்திரா அடுப்பும் இதே வழிதான், அதில் மூன்று பானை. நம் ஊர்க் கொடியடுப்பு இதில் பாதியை முன்னமே செய்துகொண்டிருந்தது. புகைபோக்கி இல்லாததுதான் குறை. அந்தக் காலத்தில் புகையில்லா அடுப்பு என்று நாடு முழுக்கக் கட்டியவை பல இடங்களில் நிலைக்காமல் போனதற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லை. குழாயில் கரி அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்ய வழி விட்டிருக்க மாட்டார்கள். வாய் சின்னதென்று வீட்டுக்காரர்களே உடைத்துப் பெரிதாக்கிவிடுவார்கள். அதனால் எங்கள் புகைபோக்கியின் அடியில், கொடிக்குப் பின்னால், ஒரு செங்கல்லைப் பூசாமல் செருகி வைத்திருக்கிறேன். உருவினால் கை நுழையும்.

புகைபோக்கிக்குத் தகரக் குழாய் வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. கடற்கரையில் தகரம் எத்தனை நாள்? செங்கல்லிலேயே ஓட்டுக்கு மேலே இரண்டடி ஏற்றினோம். உச்சியில் ஒரு கல் மூடி, பக்கத்தில் இரண்டு சன்னல். அவை இருப்பது வடமேற்கிலும் தென்கிழக்கிலும். கச்சானும் வாடையும் அந்தச் சன்னலுக்குள் நேராக நுழையாது, பக்கவாட்டில் உரசிப் போகும். உரசிப் போகிற காற்று உள்ளே இருக்கும் புகையை உறிஞ்சிக்கொண்டு போகும்.

அத்தைக்கு இதில் ஒரு கேள்வி இருந்தது. "புகையெல்லாம் வெளிய போயிருச்சுன்னா கருவாட்டுக்கு? மேல பனங்கையில செல்லு அரிக்காதா?" நியாயமான கேள்வி. புகை வேண்டாம் என்று பேசுகிறவர்கள் யாரும் ஓட்டைத் தாங்கும் இந்தப் பனைமரக் கையைப் பற்றிப் பேசுவதில்லை. புகைபோக்கியை ஒட்டி ஒரு திண்ணை மாதிரி மண் தட்டு வைத்தோம், அதில் புளிப்பானையும் மிளகாயும். சூடு கிடைக்கும். உறியையும் அந்தப் பக்கமே மாற்றிக் கட்டினோம். மழைக்காலத்தில் பனங்கைக்குப் புகை காட்ட வேண்டும் என்றால், அந்தப் பூசாத செங்கல்லை அரை நாள் உருவி வைத்தால் போதும். அத்தை ஒப்புக்கொண்டதா என்று சொல்ல முடியாது, மறுத்துப் பேசவில்லை.

காயவைப்பதில் அவசரம் ஆகாது. கச்சான் ஆரம்பித்துவிட்டதால் வெளித்தோல் மட்டும் படபடவென்று காய்ந்து இழுத்தது. கதவைச் சாத்தி, ஈரச்சாக்கு போர்த்தி வைத்தோம். மயிரிழை வெடிப்புகள் வந்தன, அதே மண்ணைக் கரைத்துத் துணியால் தேய்த்து அடைத்தோம். ஈரம் உள்ளே போகும்வரை பெரிய தீ வைக்கக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகிச் சுவரைப் பெயர்த்துவிடும். முதலில் காய்ந்த ஓலைச் சருகு, பிறகு தேங்காய் மட்டை, அப்புறம்தான் கட்டை. மேல் மெழுகு சாணியும் சாம்பலும். ஒரு வெள்ளிக்கிழமை அத்தை விளிம்பில் காவி இழுத்து, கோலம் போட்டு, பால் காய்ச்சியது.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும், அடுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கெடுப்பது அதுதான். எங்களுக்குக் கிடைப்பது சீமைக்கருவை. மாவட்டம் முழுக்க அதைத்தான் கரிமூட்டம் போடுகிறார்கள். மற்றதற்கு எவ்வளவு திட்டினாலும் விறகுக்கு அது சோடை போகாது, கங்கு நின்று எரியும். ஆனால் வெட்டிய சூட்டோடு வைத்தால் கண்ணைப் பிடுங்கும். பச்சை விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை ஆவியாக்கப் போகிற சூடு ஏழில் ஒரு பங்குதான், அது பெரிய நட்டம் இல்லை. பெரிய நட்டம், அந்த ஆவி தீயைக் குளிர்த்திப் புகையை எரியவிடாமல் செய்வது. பங்குனி, சித்திரையில் வெட்டிப் பிளந்து அடுக்கினால் ஐப்பசிக்கு ஆகும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பற்றவைக்கப் பன்னாடையும் பனை மட்டையும், தீயைக் கிளப்பச் சிரட்டை. கரையில் ஒதுங்குகிற கட்டையும் பழைய வள்ளத்துப் பலகையும் சும்மா கிடைக்கிறதென்று எடுக்க வேண்டாம். உப்பு ஊறியது, பெயிண்ட் அடித்தது. அந்தப் புகை நஞ்சு, கம்பித் தட்டையும் சீக்கிரம் அரிக்கும்.

முதல் பெரிய சமையல் பாறை மீன் குழம்பு. கோட்டையில் சோற்றுப்பானை, கொடியில் குழம்புச் சட்டி. பற்றவைக்கிற நேரத்தில் புகை வரத்தான் செய்கிறது, புகைபோக்கி சூடேறும்வரை. அப்புறம் வாய்க்கு மேலே கையை வைத்தால் காற்று உள்ளே இழுப்பது தெரிகிறது. சோறு கொதிக்கும்போது சாம்பல் கதவைப் பாதி சாத்தினால் தீ அடங்கி நிற்கிறது. முன்பு அதற்கு விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கொடியில் சட்டி கொதிக்க நேரம் எடுக்கிறது, தாளித்துக் கொதி வரும்வரை கோட்டையில் வைத்துவிட்டுப் பிறகு நகர்த்துவதுதான் தோது. தொதல் மாதிரி மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டத்துக்கு இந்த அடங்கிய தீ பொருந்தும் என்று கீழக்கரையில் இருந்து வந்த அத்தையின் கூட்டாளி சொன்னார். பெரிய உருளி வைக்கக் குமிழ் இடைவெளி போதாது என்றும் சொன்னார், அது உண்மை.

பானையின் அடியில் கரி முன்னைவிடக் குறைவு, அத்தை இதைத்தான் முதலில் கவனித்தது. விறகும் குறைந்திருக்கிறது. ஆனால் இப்போது காய்ந்த விறகு, பழைய அடுப்பில் கடைசியாக எரித்தது மழையில் நனைந்தது. இரண்டையும் ஒப்பிட்டு நான் பெருமை பேச மாட்டேன்.

மீதி வேலை: சாம்பல் குழியின் தகரக் கதவு அதற்குள் துருப்பிடித்து ஓரம் கடிக்கிறது. பழைய சீமை ஓடு ஒன்றைத் தேய்த்து அளவாக வெட்டி, அதையே தள்ளுகதவாகப் போடப் போகிறேன். வடக்குச் சன்னலுக்கு ஓலைத் தட்டி ஒன்று ஐப்பசிக்கு முன்னால் பின்னியாக வேண்டும். மிஞ்சிய மண் அரைச் சாக்கு இருக்கிறது, பக்கத்து வீட்டு மதினி தன் அடுப்புக்கு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கதவு வடக்கு பார்த்தது. அங்கே தடுப்புச் சுவரை எந்தப் பக்கம் வைப்பதென்று இன்னும் பார்க்கவில்லை.